அலிபாபா கதையின் இரு தமிழ்த் திரைவடிவங்களும் கிருஷ்ணன் – மதுரம் இணையின் இடமும் (1936–1957)

ஆய்வுச்சுருக்கம்

அலிபாபா கதை தமிழ்த் திரையில் இரண்டு முறை ஒரே பெயரில் படமாகியது. 1941-இல் அக்கதையின் நாயகனும் நாயகியும் என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் என்னும் நகைச்சுவைத் தம்பதியர். 1956-இல் நாயகன் எம். ஜி. ராமச்சந்திரன். நகைச்சுவைத் தம்பதியரின் சாகசக் கதையாக எடுக்கப்பட்ட ஒன்று, 15 ஆண்டுகளில் வாள்வீரனின் கதையாக மாறியதன் பின்னணியை இக்கட்டுரை ஆராய்கிறது. கிருஷ்ணனின் துணையாக மட்டுமே திரைவரலாறுகளில் இடம்பெறும் மதுரத்தின் பங்கு இம்மாற்றத்தின் வழியே மறுமதிப்பீடு செய்யப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்த் திரைப்பட வரலாறு, நகைச்சுவை இணை, என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம், அலிபாபா, சாகசப் படம்.

முன்னுரை

கே. எஸ். மணி இயக்கத்தில் 1941-இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும் படம். அந்த ஒரு வரியும் 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதே பெயரில் எடுத்த படத்தைப் பற்றிய பத்திக்கு முன்குறிப்பாகவே வருகிறது. பிந்தைய படத்திற்குச் சிறப்பிடம் கிடைப்பதில் வியப்பில்லை. டி. ஆர். சுந்தரம் தயாரித்து இயக்கிய அது, கேவா கலரில் முழு நீளமும் வண்ணத்தில் அமைந்த முதல் தமிழ்ப் படம், எம். ஜி. ராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்தது. தொழில்நுட்ப வரலாற்றுக்கும் நாயக வழிபாட்டு வரலாற்றுக்கும் அது ஒருங்கே சான்றாகிறது.

எனினும் 1941-ஆம் ஆண்டுப் படத்தின் நடிகர் தேர்வு தன்னளவிலேயே ஒரு வினாவை எழுப்புகிறது. திருடர் கூட்டமும் மறைகுகையும் வாளும் கொலையும் நிறைந்த ஒரு கதைக்கு, அக்காலத் தமிழ்த் திரையின் முன்னணிச் சிரிப்பு நடிகரும் அவருடைய மனைவியும் நாயக நாயகியராக எப்படிப் பொருந்தினர்? இதனை வணிகக் கணக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. அலிபாபா கதையின் உள்ளமைப்பும் அத்தம்பதியரின் கலைமுறையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இணை உருவான களம்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கிருஷ்ணன், வில்லுப்பாட்டின் வழியாகவும் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவின் வழியாகவும் உருவான கலைஞர். அவர் பயின்ற ‘பாய்ஸ் கம்பெனி’ மரபில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதல் அதன் வழிவந்த குழுக்கள் வரை இதுவே வழக்கம். ஆகவே, மேடையில் பெண்ணொருத்தியை எதிர்நிறுத்தி நகைச்சுவை செய்யும் பயிற்சி கிருஷ்ணனுக்கு நாடகக் குழுவில் வாய்த்திருக்க வழியில்லை.

மறுபுறம், ஆணும் பெண்ணும் சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடக மரபில் ‘பபூன் – டான்சர்’ சந்திப்பு ஒரு நிலைத்த பகுதியாக இருந்தது, இன்றும் இருக்கிறது. வழியில் எதிர்ப்படும் முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் கிண்டலும் கேலியுமாகப் பேசி, பாடி, ஆடி முடிப்பது அதன் அமைப்பு. மக்களிடையே பெருத்த வரவேற்புப் பெற்ற அப்பகுதியே, அதில் நடிக்கும் பெண்ணின் மீது சமூகம் சுமத்தும் இழிவுக்கும் காரணமாயிற்று. முறையற்ற சந்திப்பு என்பதுதான் அதன் சுவை. அப்பெண்ணுக்கு நேரும் பழிக்கும் அதுவே மூலம். இவ்விரு மரபுகளுள் ஒன்று பெண்ணை மேடையிலிருந்தே விலக்கியது. மற்றொன்று மேடையேற்றி இழிவுபடுத்தியது. திரைப்படம் இவ்விரண்டிற்கும் நடுவே வேறொரு வழியைத் திறந்தது.

திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த மதுரமும் கிருஷ்ணனும் சந்தித்தது ராஜா சந்திரசேகர் இயக்கிய ‘வசந்தசேனா’ (1936) படத்தின்போது. படப்பிடிப்பு நடைபெற்ற புனேயிலேயே அவர்களுடைய திருமணமும் நடந்தது. கிருஷ்ணன் முன்னரே நாகம்மாளை மணந்தவர்; பிற்காலத்தில் மதுரத்தின் தங்கை வேம்பம்மாளையும் மணந்தார். ஆகவே திரை முன் அமர்ந்திருந்தோர் மனத்தில் உறைந்த ‘கிருஷ்ணன் – மதுரம்’ என்னும் தம்பதி வடிவத்தை வீட்டு வாழ்வின் நேர்ப்பிரதியாகக் கொள்ள முடியாது. அது ஒரு கலைப்படைப்பு. அதனை இருவரும் சேர்ந்தே உருவாக்கினர்.

திருமணம் தந்த இசைவு

‘அம்பிகாபதி’ (1937), ‘கண்ணகி’ (1942), ‘ஹரிதாஸ்’ (1944) என இதிகாசம், காப்பியம், பக்தி ஆகிய எவ்வகைப் படமானாலும் இவ்விருவரின் பகுதி அதனுள் தனியொரு உலகமாக இயங்கியது. கிருஷ்ணன் தமக்கெனக் குழு வைத்துக்கொண்டு நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக் கொடுத்தார். பாடல்களுக்கு உடுமலை நாராயண கவி போன்றோர் துணைநின்றனர். கிருஷ்ணனும் மதுரமும் சொந்தக் குரலில் பாடினர். மூலக்கதையின் நாயகனும் நாயகியும் செந்தமிழில் காதலைப் பாடிக்கொண்டிருக்க, இவர்கள் அன்றாடத் தமிழில் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர்.

அந்தச் சண்டையைப் பார்வையாளர் ஏற்ற விதம் கவனத்திற்குரியது. திரையில் ஆணும் பெண்ணும் நெருங்கி நிற்பதே உறுத்தலாகத் தோன்றிய காலம் அது. பபூன் – டான்சர் பகுதியில் பழிக்கு உள்ளான அதே கேலிப் பேச்சு, கிருஷ்ணனும் மதுரமும் பேசும்போது குடும்பத்தோடு அமர்ந்து சிரிக்கத்தக்கதாயிற்று. அவர்கள் உண்மையில் கணவன் மனைவி என்பதைக் கொட்டகையில் இருந்தோர் அறிந்திருந்ததே இம்மாற்றத்திற்கு முதற்காரணம் எனக் கொள்வது பொருத்தமாகும். ஏற்ற வேடத்தில் அவர்கள் மணமாகாதவர்களாக இருந்தபோதும் இந்த அறிவு பார்வையாளரை விட்டு நீங்கவில்லை.

நடிப்போரின் இல்வாழ்வு மேடையில் ஊடுருவுவது இந்நிலத்திற்குப் புதிதன்று. மணிமங்கலத்தில் சாளுக்கியப் படையை எதிர்த்த நரசிம்மவர்ம பல்லவனின் தந்தை மகேந்திரவர்மன் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ ஒரு குடும்பச் சண்டையுடன்தான் தொடங்குகிறது. சூத்திரதாரன் இளையவள் ஒருத்தியை மணந்துகொண்டதால் மூத்த மனைவியாகிய நடி சினந்திருக்கிறாள். அவளைத் தணிக்கும் முயற்சியே நாடகத்திற்கு வாயிலாகிறது. அதன்பின் காஞ்சியின் தெருக்களில் கபாலி சத்தியசோமனும் அவனுடைய துணைவி தேவசோமையும் கள்மயக்கத்தில் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி ஒருவரோடு மல்லுக்கு நிற்கின்றனர். சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டதாயினும் காஞ்சி மண்ணைக் களமாகக் கொண்ட இந்த அங்கதம், இணையாக வரும் ஆணும் பெண்ணும் வம்பில் சிக்கி அடிதடியில் இறங்கும் நகைச்சுவைக்கு இங்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. இதிலிருந்து 20-ஆம் நூற்றாண்டுக் கொட்டகை வரை அறுபடாத தொடர்ச்சி ஒன்றைக் காண முற்படுவது மிகையாகிவிடும். சூத்திரதாரன், நடி என்ற இருவரையும் தம்பதியாகவே கண்ட பார்வையாளர் கூட்டம் ஒன்று இருந்தது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

மர்ஜியானாவின் கதை

அலிபாபா கதையின் வரலாறு விந்தையானது. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பின் பழைய அரபுச் சுவடிகளில் இக்கதை இல்லை. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்பவர் 1709-இல் பாரிசில் அந்துவான் கலான் என்னும் அறிஞருக்கு வாய்மொழியாகச் சொன்ன கதை, கலானின் பிரெஞ்சுத் தொகுப்பில் 1717-இல் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. வாய்மொழிக் கதைக்குரிய தடங்கள் அதன் அமைப்பில் தெளிவாகத் தெரிகின்றன.

அக்கதையில் அலிபாபா எதையும் வீரத்தால் சாதிப்பதில்லை. விறகு வெட்டப் போன இடத்தில் மறைந்திருந்து மந்திரச் சொல்லைக் கேட்டுவிடுகிறான்; செல்வம் கிடைக்கிறது. அதன்பின் அவன் உயிரைக் காப்பவள் அடிமைப்பெண் மர்ஜியானா. வீட்டுக் கதவில் திருடன் இட்ட அடையாளத்தைக் கண்டு தெருவிலுள்ள எல்லாக் கதவுகளிலும் அதே அடையாளத்தை இடுகிறாள். தோல் சாடிகளில் பதுங்கியிருந்தவர்களைக் கொதிக்கும் எண்ணெயால் கொல்கிறாள். விருந்தினனாக வந்த தலைவனை ஆட்டத்தின் நடுவே கத்தியால் குத்துகிறாள். கதையின் அறிவும் செயலும் குருதியும் அவளுடையவை. நற்பேறு மட்டும் அவனுடையது.

நற்பேற்றை நம்பி வாழும் ஆண், அவனைக் காக்கும் கூர்மதிப் பெண் என்னும் இந்த அமைப்பு நகைச்சுவை இணைக்கே உரியது. கிருஷ்ணன் – மதுரம் பகுதிகளிலும் பெரும்பாலும் பெருமை பேசுபவர் கிருஷ்ணன்; அப்பேச்சின் காற்றைப் பிடுங்குபவர் மதுரம். ஆகவே, 1941-ஆம் ஆண்டுப் படத்தில் இத்தம்பதி நாயக நாயகியரானதைப் பொருத்தமற்ற தேர்வாகக் கருத இயலாது. கதையின் இயல்பே அவர்களை அழைத்தது. சாகசம் பெண்ணிடமும் சிரிப்பு இருவரிடமும் இருக்கும் கதை அது.

இதற்குத் துணைச்சான்று வங்காளத்திலிருந்து கிடைக்கிறது. க்ஷீரோத் பிரசாத் வித்யாவினோத் 1897-இல் கல்கத்தா மேடைக்கு எழுதிய ‘அலிபாபா’ நாடகத்தில், மர்ஜினாவும் அப்தல்லா என்னும் அடிமையும் சேர்ந்து ஆடிப் பாடும் நகைச்சுவைப் பகுதிகளே மக்கள் நினைவில் நிலைத்தன. மது போஸ் 1937-இல் அதனைத் திரைப்படமாக்கியபோது அப்தல்லாவாகத் தாமும் மர்ஜினாவாகத் தம் மனைவி சாதனா போசும் நடித்தனர். கேசவ சந்திர சென்னின் பேத்தியான சாதனா, நடனம் ஆடும் பெண் மீதான பழியை மீறிப் பொதுமேடைக்கு வந்தவர். நான்கே ஆண்டு இடைவெளியில் கல்கத்தாவிலும் சென்னை மாகாணத்திலும் இக்கதை மணமான இணையரின் கைக்கு வந்து சேர்ந்தது. ஆடவும் கொல்லவும் செய்யும் ஒருத்தியைத் திரையில் நாயகியாக நிறுத்த, உடன் நடிக்கும் கணவன் ஒரு காப்பாக அமைந்தான் என இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்து நோக்குவோர்க்குத் தோன்றும்.

1944–1947: இணையில் ஒருவர் இல்லாத காலம்

மதுரத்தின் பங்கை அளவிடுவதற்கு மிகத் தெளிவான சான்று, கிருஷ்ணன் உடனில்லாத ஆண்டுகளிலிருந்தே கிடைக்கிறது. ‘இந்துநேசன்’ இதழாசிரியர் சி. என். லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றபின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அங்கிருந்து மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர்.

இவ்விடைக்காலத்தில் பாகவதரின் திரைவாழ்வு முற்றிலும் நின்றது. விடுதலைக்குப் பின்னும் அது பழைய நிலையை எட்டவில்லை. கிருஷ்ணனின் கதை அவ்வாறு முடியவில்லை. அதற்கு அவருடைய நாடகக் குழு கலையாமல் இருந்தது முக்கியக் காரணம். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் என். எஸ். கே. நாடக சபையை நடத்தியவர் மதுரம். அச்சபையின் ‘பைத்தியக்காரன்’ நாடகம் கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் 1947-இல் திரைப்படமாகியது. கைம்பெண் மறுமணத்தை வலியுறுத்தும் கருப்பொருளைக் கொண்ட அப்படத்தில் சகஸ்ரநாமமும் மதுரமும் முதன்மை வேடங்களை ஏற்றனர், எம். ஜி. ராமச்சந்திரனும் நடித்தார். வழக்குச் செலவுக்குப் பொருள் திரட்டத் தொடங்கிய அம்முயற்சி முடிவதற்குள் கிருஷ்ணன் விடுதலையாகி வந்துவிட, அவருக்கான காட்சிகளும் சேர்க்கப்பட்டன.

இந்த நிகழ்வுகளை மனைவியின் கடமையுணர்வாகச் சித்திரிப்பதே வாழ்க்கை வரலாறுகளின் வழக்கம். அப்புகழுரை ஓர் உண்மையை மறைக்கிறது. ஒரு நாடகக் குழுவின் ஊதியம், பயணம், நாடகத் தேர்வு, ஒப்பந்தம் ஆகியவற்றை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் தாங்கிநின்றது ஒரு நிறுவனப் பணி. சிரிப்பூட்டும் துணை நடிகையென்று மட்டுமே அறியப்பட்ட ஒருவர், சீர்திருத்தக் கருப்பொருள் கொண்ட முழுநீளப் படமொன்றின் முதன்மை நடிகையாகவும் அதன் பின்னணியிலிருந்த நிறுவனத்தின் தலைவியாகவும் இயங்கினார் என்றே அதனைப் பதிவு செய்தல் வேண்டும். கிருஷ்ணனுக்குப் பம்மல் சம்பந்த முதலியார் ‘கலைவாணர்’ பட்டம் அளித்ததும் அதே 1947-ஆம் ஆண்டில்தான்.

1956: இரு படங்கள்

விடுதலைக்குப் பிந்தைய தமிழ்த் திரை வேறு திசையில் நகர்ந்திருந்தது. ‘நல்லதம்பி’ (1949) சி. என். அண்ணாதுரையின் எழுத்தில் கிருஷ்ணனை நாயகனாகக் கொண்டு வெளிவந்தபோது அவருக்கு இணையாக நின்றவர் பானுமதி. மதுரமும் அப்படத்தில் உண்டு என்றாலும் நாயகியின் இடம் அவருடையதன்று. கிருஷ்ணன் இயக்கிய ‘மணமகள்’ (1951) பத்மினியை முன்னிறுத்தியது. நகைச்சுவைத் தம்பதி கதையின் மையத்திலிருந்து மெல்ல விலகத் தொடங்கியதன் அறிகுறிகள் இவை. அதே ஆண்டுகளில் வாட்போர்ப் படங்களின் நாயகனாக எம். ஜி. ராமச்சந்திரன் எழுந்தார். ‘மோகினி’ (1948), ‘மருதநாட்டு இளவரசி’ (1950) ஆகியவற்றில் அவருடன் நடித்த வி. என். ஜானகி, பின்னர் அவரை மணந்து நடிப்பிலிருந்து விலகினார்.

இந்த விலகல் நின்று நோக்கத்தக்கது. தமிழ்ச் சாகசப் படத்தின் நாயகன் ஒவ்வொரு படத்திலும் புதிதாகக் காதலிக்கப்பட வேண்டியவன். மனைவி உடன் நடித்தால் அந்தக் கற்பனை கலையும். நகைச்சுவைக்கோ அந்தக் கற்பனை தேவையில்லை. பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த பழக்கமே அதன் முதல். ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் தம்பதியாக நடித்த கே. ஏ. தங்கவேலுவும் எம். சரோஜாவும் மணம் புரிந்த பின்னும் இணையாகவே தொடர்ந்தது இதனால்தான். இதனைத் திரைக்குரிய பொது விதியாகக் கொள்ளலாகாது. பிலிப்பைன்சில் சாகசப் படங்களின் பேரரசனாக விளங்கிய பெர்னாண்டோ போ இளையவரும் சூசன் ரோசசும் 1968-இல் மணந்த பிறகும் சேர்ந்து நடித்தனர். அங்குத் தடையாக அமையாத திருமணம் தமிழ்ச் சாகச நாயகனுக்குத் தடையானது, இங்கு நாயக வழிபாடு கொண்ட தனி வடிவத்தைக் காட்டுகிறது.

1956 ஜனவரியில் வெளிவந்த மாடர்ன் தியேட்டர்ஸ் அலிபாபா இம்மாற்றத்தின் விளைவு. அலிபாபா இப்போது வாளெடுத்துப் போரிடும் வீரன். மர்ஜியானாவைக் காப்பவனும் அவனே. மர்ஜியானாவின் ஆட்டமும் பாட்டும் எஞ்சின. கதையைத் தாங்கிய அவளுடைய செயலாற்றலில் பெரும்பகுதி நாயகனின் கைக்கு மாறியது. சிரிப்பு தங்கவேலு ஏற்ற தனி வேடத்திற்குச் சென்றது. 1941-இல் ஓர் இணையின் உள்ளே ஒன்றாயிருந்த சிரிப்பும் சாகசமும் இங்குத் தனித்தனி நடிகர்களுக்குப் பங்கிடப்பட்டன. தமிழ் வெகுசனப் படங்கள் பின்னர் பல ஆண்டுகள் பின்பற்றிய வேலைப் பிரிவினையும் இதுவே.

அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ‘மதுரை வீரன்’ படத்தில் கிருஷ்ணனும் மதுரமும் சேர்ந்து தோன்றினர். காட்டில் கைவிடப்பட்ட அரசக் குழந்தையை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கும் தம்பதியின் வேடம் அவர்களுக்கு. வளர்ந்து வாளேந்தும் மகன் எம். ஜி. ராமச்சந்திரன். 15 ஆண்டுகளுக்கு முன் சாகசக் கதையைத் தாமே தாங்கிய இணை, இப்போது சாகச நாயகனுக்குப் பெற்றோராயிற்று. ஆயினும் அவர்களை எளிய துணைவேடமாகத் தள்ளுவதற்கில்லை. நாட்டார் கதைப்பாடலில் வீரனின் பிறப்பைச் சூழ்ந்துள்ள சாதிச் சிக்கலைத் திரையில் உணர்ச்சியும் சிரிப்புமாகத் தாங்கிநிற்பது அந்தத் தம்பதிதான்; அரசகுலப் பிறப்பைக் காட்டிலும் வளர்ப்பின் பாசத்தைப் பார்வையாளர் நெஞ்சில் நிறுத்துவதும் அவர்களே.

கிருஷ்ணன் 1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள் மறைந்தார். 1937-ஆம் ஆண்டு ‘அம்பிகாபதி’யில் நடித்த இருவரும், சிவாஜி கணேசன் நடித்த 1957-ஆம் ஆண்டு ‘அம்பிகாபதி’யிலும் சேர்ந்து நடித்திருந்தனர், அது திரைக்கு வந்தபோது கிருஷ்ணன் இல்லை. 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அண்ணாதுரை திறந்துவைத்த சிலையும், சென்னை அரங்கம் ஒன்று தாங்கிய ‘கலைவாணர்’ என்ற பெயரும் கிருஷ்ணன் ஒருவருக்குரியவை. சிலை திறக்கப்பட்ட நாளில் மதுரம் உயிருடன் இருந்தார்; 1974-இல் காலமானார். நாகர்கோவிலில் கிருஷ்ணன் கட்டிய வீட்டிற்கு அவர் இட்ட பெயர் ‘மதுர பவனம்’.